அக்காவுக்கு நான் ஏன் நன்றி எழுதவில்லை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் என் வணக்கம்.

அக்காவின் மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு கொப்பியையும் பேனையையும் என் மடியில் வைத்து, "சின்னம்மா, அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதுங்கோ. கடைசியில நன்றி சொல்லுற பக்கமும் உங்களுக்குத்தான்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள். ஏலாது என்றேன். "உங்களைவிட ஆருக்கு அம்மாவைத் தெரியும்?" என்று கேட்டார். பேனையை எடுத்தேன். ஆனால் அந்த நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரை மட்டும் நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா அராலியில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார். ஐயா விடியவே சுருட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உலை வைத்தார். சீப்பெடுத்து என் தலை இழுத்ததும், எனக்குச் சட்டை தைத்ததும், நான் பயந்து அழுத நாட்களில் என்னைத் தன் பக்கத்தில் படுக்கப் போட்டதும் அவர்தான்.

அத்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர். அமைதியானவர். போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அக்கா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டார். மருந்து கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் அத்தான் போனார். அன்றைக்கு அக்கா அழவில்லை. "மருந்தில்லாமல் ஒரு மனிசர் கிடந்து போறதை நான் இனிப் பார்க்கமாட்டன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சை அவர் கடைசிவரை விடவில்லை.

பின்பு மகனோடு ஒக்லாந்துக்கு வந்தார். கல்யாணம் ஆகாமல் தனியே இருந்த என்னையும் இரண்டு வருடத்தில் கூப்பிட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் ஒரு கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. "போடு, குளிர்" என்றார். நான் போட்டுக்கொண்டேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர் நன்றி சொல்லும் வழக்கம் இருந்ததில்லை.

இந்த நாட்டில்தான் அந்தச் சொல்லைப் பழகினேன். பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போவோம். இறங்கும்போது எல்லாரும் சாரதிக்குத் தாங்க்யூ சொல்லிவிட்டு இறங்குவார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலமே தாங்க்யூ, சொறி என்ற இரண்டும்தான். ஆகவே நானும் சொல்வேன். அக்கா ஒரு நாளும் சொல்லமாட்டார். இறங்கியவுடன் என்னைப் பகிடி பண்ணுவார்.

"உன்னை என்ன அவன் தோளிலயோ தூக்கிக்கொண்டு வந்தவன்? தன்ரை வேலையைச் செய்தவன்."

"எல்லாரும் சொல்லுகினம் அக்கா."

"சொல்லட்டும். நீ சொல்லுற சத்தம் அவனுக்கு எங்கை கேட்குது? கண்ணாடிக்கெல்லோ சொல்லிப்போட்டு இறங்கிறாய்."

சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மரவீட்டில் நோரா என்று ஒரு வயதான பெண் தனியே இருந்தார். அயர்லாந்தில் மேற்குக் கரையில் பிறந்து, இளவயதில் கப்பலேறி வந்தவர். ஒரு குளிர்காலத்தில் அக்கா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டபடி இருமிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் ஒரு கை கோப்பை ஒன்றை நீட்டியது. கடற்கரைப் பாறையில் பிடுங்கிக் காயவைத்த பாசியைப் பாலில் காய்ச்சி வடித்தது. கஞ்சிபோல் இறுகி இருந்தது. அக்கா குடித்தார். கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளும் கை நீண்டது. மூன்றாம் நாள் இருமல் நின்றது. அடுத்த முறை அக்கா அதற்குள் பனங்கட்டி போட்டுக் காய்ச்சிக் கொண்டுபோக, நோரா இரண்டு கோப்பை குடித்தாராம்.

அக்காவின் அரைகுறை ஆங்கிலத்தோடு அப்படித்தான் தொடங்கியது. தொண்டை நோவுக்கு உப்பை வறுத்து, ஒரு காலுறைக்குள் போட்டுக் கழுத்தில் சுற்றுவது. முள்ளுக் குத்தி உள்ளே நின்றால் சவர்க்காரத்தையும் சீனியையும் குழைத்துக் கட்டுவது. வெட்டுக்காயத்தில் சுத்தமான சிலந்திவலை வைப்பது. குக்கல் இருமலுக்குப் பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழால் மூன்று தரம் எடுக்கவேண்டும் என்று நோரா சொல்ல, அக்கா என்னிடம் வந்து, "நல்ல மருந்துதான். கழுதையை எந்தக் கடையில வாங்கிறது?" என்று சிரித்தார்.

முழங்கால் வாதத்துக்கு ஒரு உருளைக்கிழங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியவேண்டும். நோவை அது உறிஞ்சி உறிஞ்சி, தான் கல்லாகிவிடும். அக்கா அதை நம்பினாரோ இல்லையோ, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் வலதுபக்கப் பையில் ஒரு கிழங்கைப் போட்டார். அது சுருங்கிக் கறுத்து, பாக்கு மாதிரி இறுகியது. பதினொரு வருடம் அவரோடு திரிந்தது. கதைத்துக்கொண்டு நிற்கும்போது அதை எடுத்துக் கையில் உருட்டுவார். நீங்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நோராவிடம் இவற்றைவிட வேறு ஒன்று இருந்தது. அவருடைய ஊரில் சில நோவுகளுக்குச் சிலரிடம் மட்டும் கைமருந்து இருக்குமாம். ஒருவரிடம் தீப்புண்ணுக்கு, இன்னொருவரிடம் மருவுக்கு. நோராவின் கையில் இருந்தது சுளுக்குக்கும் கண்கட்டிக்கும். சுளுக்கென்றால் வெள்ளை நூலில் ஒன்பது முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சொல் சொல்லிக் கட்டுவார். கண்கட்டி என்றால் வீட்டுக் கோடியில் நின்ற கூஸ்பெரிச் செடியில் பத்து முள் ஒடிப்பார். ஒன்பது முள்ளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கு நேரே காட்டுவார், தொடமாட்டார். பத்தாவதைத் தோளுக்கு மேலால் பின்னே எறிந்துவிடுவார்.

"எங்கட ஊரிலயும் நூல் மந்திரிச்சுக் கட்டுறவைதானே. கடலைத் தாண்டினாலும் மனிசருக்கு நோவு ஒண்டுதான்" என்றார் அக்கா.

அதற்கு மூன்று கட்டுப்பாடு. நோயாளி தானே வந்து கேட்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் அது இருக்கும், கேட்டவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரைவிட்டுப் போய்விடும். மூன்றாவது, சுகப்பட்டவர் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால், வேலிக்கு வெளியே துரத்திவிட்ட மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நோவு திரும்பி வருமாம்.

நோரா கடைசியாகப் படுத்தபோது ஒன்பது நாள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். இன்றோ நாளையோ என்று தாதி ஒவ்வொரு நாளும் சொன்னார். ஒன்பதாம் நாள் மத்தியானம் நோரா அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே நடந்ததை அக்கா எனக்கு இப்படிச் சொன்னார்:

"கிட்ட வா எண்டு கையைக் காட்டினா. ஆறு வருசமா உனக்கு எவ்வளவு தந்தனான், ஒருக்காலாவது தாங்க்யூ சொன்னனியோ எண்டு கேட்டா. நான் பேச்சு விழப்போகுதெண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவ சிரிக்கிறா. இந்த ஊரில எல்லாரும் நன்றி சொல்லிச் சொல்லியே என்னைக் களைக்கப் பண்ணுகினம், உன்னை மாதிரி ஒராளைத்தான் நான் தேடினனான், கேள் எண்டா. கேட்டன். காதுக்குள்ள சொன்னா."

அக்கா அவர் வீட்டிலிருந்து இறங்கி முற்றத்துப் படலையை இன்னும் திறக்கவில்லை. பின்னால் தாதி கூப்பிட்டார். நோரா போய்விட்டார்.

அந்த வீட்டை வாங்கியவர்கள் செடியை வேரோடு கிளறி எறிந்தார்கள். அதற்கு முன்னரே அக்கா ஒரு தடியை முறித்துப் பழைய பெயின்ற் வாளியில் நட்டுவிட்டார். அது எங்கள் பின்கதவடியில் நிற்கிறது.

அதன் பிறகு எங்கள் பின்கதவால் வந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் வந்தவர்கள். அக்கா கைநீட்டி ஒன்றும் வாங்கியதில்லை. நன்றி சொல்லக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எங்கள் ஆட்களுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. "தங்கச்சிக்குத்தான் சரிவராது. அவளுக்குப் பஸ்காரனைக் கண்டாலே வாய் ஊறும்" என்று வந்தவர்களுக்கு முன்னால் என்னைக் காட்டிச் சிரிப்பார். நான் குசினிக்குள் போய்விடுவேன்.

ஒரு முறைதான் பிழை நடந்தது. பெயர் சொல்லமாட்டேன், அவரும் இந்த மலரை வாசிப்பார். சரக்குக் கிடங்கில் எங்களோடு வேலை செய்தவர். கால் பிரட்டிச் சுளுக்கி வந்தார், நூல் கட்டி மூன்றாம் நாள் நடந்தார். அடுத்த மாதம் அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. நேரில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லாத எங்கள் ஆட்கள், மைக்கைக் கண்டால் விடமாட்டார்கள் அல்லவா. அவர் கடதாசியை விரித்து நன்றியுரை வாசித்தார். கேக் செய்தவருக்கு, மணவறைக்காரருக்கு, வீடியோக்காரருக்கு. பிறகு, "இந்த மேடையில நான் நடந்து ஏறக் காரணமான..." என்று தொடங்கி அக்காவின் பெயரைச் சொல்லி, நன்றி என்று மூன்று தரம் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கதிரையில் வைத்தார். "சனியன், வாசிச்சுப்போட்டான்" என்றார் மெல்ல.

நன்றி சொன்னவர் மேடைப்படியில் இறங்கும்போது சறுக்கி விழுந்தார். அதே கால். படியில் தண்ணீர் ஊற்றுப்பட்டிருந்தது, யாருக்கும் சறுக்கும். அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அக்காவும் கதிரையால் எழும்பும்போது வலது காலை ஊன்றமுடியாமல் என் தோளைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் நொண்டாமல் நடந்து நான் பார்க்கவில்லை.

"அவரிட்டை வந்தது சரி, உங்களிட்டை ஏன் வந்தது?" என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டேன்.

"என்ரை பேரையெல்லோ சொல்லிக் கூப்பிட்டவன். அது ரெண்டு வாசலிலயும் வந்து நிக்கும்" என்றார்.

போன வருடம் அக்காவுக்கு உடம்பில் பெரிய வருத்தம் என்று தெரிந்தது. ஒன்று சொல்லவேண்டும். அவர் ஆஸ்பத்திரி மருந்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வந்தவர்களிடமும், "சுளுக்கும் கட்டியும்தான் என்னிட்டை. மிச்சத்துக்கு டொக்டரிட்டைப் போ" என்று திருப்பி அனுப்புவார். டொக்டர் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை போராடினார். அதன்பின் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

சாப்பாடு நின்றது, பிறகு தண்ணீர் நின்றது. இன்றோ நாளையோ என்று தாதிப் பிள்ளை சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். நாலாம் நாள், ஐந்தாம் நாள். தம்பி, "அம்மாவுக்கு ஆரையோ பார்க்கவேணும் போல. கனடாவில இருக்கிற மாமாவோ?" என்று போனைப் பிடித்துக் காட்டினார். அக்கா போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். நோராவின் ஒன்பது நாள் எனக்குத் தெரியும். கேட்டால்தான் அக்கா தரலாம். தந்தால்தான் போகலாம். கேட்கவேண்டிய ஆள் நான். நான் கேட்டுவிட்டால் அக்கா இல்லை. கேட்காவிட்டால் இப்படியே கிடந்து வதைபடுவார். அவருக்கு உதடு வெடித்திருந்தது. நான் பஞ்சில் தண்ணீர் நனைத்து வைப்பேன், கண்ணைப் பார்க்காமல் குசினிக்கு ஓடிவிடுவேன். ஐந்து நாள் அப்படி ஒளித்தேன். அக்கா இல்லாத ஒரு நாளை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் மூன்று மணி. பள்ளிக்கூடம் விட்டு, தெருவால் பிள்ளைகள் சத்தம்போட்டுக்கொண்டு போனார்கள். நல்ல வெயில். தம்பி மருந்தெடுக்கப் போயிருந்தார். அக்கா கண்ணைத் திறந்து, தெளிவாக, "எடி, எனக்குக் களைச்சுப்போச்சு. கேளன்" என்றார்.

மூன்று வயதில் இருந்து அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதுதான் முதல் தரம்.

நான் கட்டிலடியில் இருந்து, "தாங்கோ அக்கா" என்றேன்.

காதைக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் சொன்ன சொற்கள் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒரு தரம்தான் சொன்னார். கொப்பியில் இரண்டு வசனம் பாடமாக்கத் தெரியாத எனக்கு, அவை அன்றிலிருந்து மறக்கவில்லை. அவர் மூச்சுப் பட்ட காது சூடாக இருந்தது.

அப்போதுதான் அது வந்தது. தலை இழுத்தது, பயந்த நாளில் பக்கத்தில் போட்டது, விமான நிலையத்தில் கம்பளிச் சட்டையோடு நின்றது, எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாகித் தொண்டையால் ஏறிப் பல்லடிக்கு வந்துவிட்டது. அக்கா என் வாயைப் பார்த்தார். வெடித்த உதட்டால் சிரித்தார்.

"பஸ்ஸால இறங்கிறன் எண்டு நினைச்சுப்போடாதை" என்றார்.

நான் நாக்கைக் கடித்தேன். இரத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் குசினிக்குப் போனேன். தண்ணீர்க் குழாயை இன்னும் திறக்கவில்லை. தெருவில் பிள்ளைகளின் சத்தம் ஒரேயடியாக நின்றது. அறையிலும் சத்தமில்லை.

அக்காவைக் குளிப்பாட்ட முன் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். வலதுபக்கப் பைக்குள் கை விட்டேன். கிழங்கு இல்லை. காலையில் அதைத் தொட்டுப் பார்த்தது எனக்கு நல்ல ஞாபகம். மெத்தையைத் தூக்கினேன், கட்டிலுக்குக் கீழே கூட்டினேன். தம்பி, "என்ன சின்னம்மா தேடுறியள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கைமருந்து என்னிடம் வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பியே இதை இப்போதுதான் வாசிக்கிறார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆருக்கும் தெரியாவிட்டால் ஆரும் வந்து கேட்கமாட்டார்கள், அப்படியே என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அக்கா போய் இருபதாம் நாள் காலை பின்கதவு தட்டுப்பட்டது. முன்பின் கண்டிராத ஒரு பெண் பிள்ளை நின்றார். தகனினியில் இருந்து வந்தவராம், பேச்சில் இந்தியத் தமிழ். இடது கண் வீங்கிச் சிவந்திருந்தது.

"அம்மா, கண்ணுல கட்டி. மூணாவது தடவை வருது. டாக்டர் கொடுத்த மருந்தும் போட்டுட்டேன். நீங்க ஏதோ செய்வீங்கன்னு சொன்னாங்க. கொஞ்சம் பார்க்கிறீங்களா?"

"நான் இல்லை பிள்ளை, அது என்ரை அக்கா. அவ செத்துப்போனா."

"இல்லையே, தங்கச்சியைத்தான் பார்க்கச் சொன்னாங்க. பின்னாடி கதவு, பக்கத்துல பெயின்ட் வாளியில முள்ளுச் செடி. எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"ஆர் சொன்னது?"

"நேத்து இந்த ரோட்டுக் கடையில கொத்தமல்லி எடுத்துட்டு இருந்தேன். ஒரு வயசானவங்க என் கண்ணையே பார்த்துட்டு நின்னாங்க. சாம்பல் கலர் ஸ்வெட்டர். காய்ஞ்சு போன உருளைக்கிழங்கு ஒண்ணு, அதைக் கையில உருட்டிக்கிட்டே பேசினாங்க. இதைப் போய் யார் வாங்குவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நொண்டி நடந்தவவோ?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நல்லா விறுவிறுன்னு நடந்து போனாங்க."

சாம்பல் நிறச் சட்டை போட்ட வயதானவர்கள் இந்தத் தெருவில் பலர் உண்டு. நான் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அவர் வந்து கேட்டார். கேட்டவரைத் திருப்பி அனுப்ப அக்கா என்னை வளர்க்கவில்லை. பத்து முள் ஒடித்தேன். கண்ணில் குத்திவிடுவேனோ என்று பயந்தேன். முதல் முள்ளைக் காட்டி முதல் சொல்லைச் சொன்னவுடன் பயம் போய்விட்டது. பத்தாவதைத் தோளுக்கு மேலால் எறிந்தேன். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பழக்கத்தில் என் வாய்தான் முதலில் திறந்தது. வந்ததற்குத் தாங்க்யூ சொல்லப் போனேன். அவர் சட்டென்று கையைக் காட்டித் தடுத்தார்.

"ஐயோ, சொல்லிடாதீங்க! அந்தம்மா சொன்னாங்க. நீ மறக்கமாட்டே, அவள்தான் மறந்துடுவா, பார்த்துக்கோன்னு."

கட்டி நாலாம் நாள் வற்றிவிட்டது என்று கடைக்காரர் மூலம் அறிந்தேன். வந்தவர் நன்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சரியான பிள்ளை.

இனி அந்த நன்றிப் பக்கம். அக்காவைப் பார்த்த டொக்டர்மாருக்கும், ஒவ்வொரு நாளும் வந்து உடம்பு துடைத்துவிட்ட தாதிப் பிள்ளைக்கும், ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பெட்டி தூக்கிய பிள்ளைகளுக்கும், கிரியைகளைச் செய்துவைத்த ஐயருக்கும், தூர தேசங்களிலிருந்து போனில் அழுத உறவுகளுக்கும், எல்லாவற்றையும் தனியாளாக ஓடியோடிச் செய்த தம்பிக்கும் மருமகளுக்கும், என் மனம் நிறைந்த நன்றி. பஸ் கண்ணாடிக்குச் சொல்வதுபோல் இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அக்காவின் கையால் சுகப்பட்டவர்களிடம் ஒரு வேண்டுதல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று மண்டபத்தில் மைக் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நான் கதிரை போட்டு இருப்பேன். அக்காவைப் பற்றி எதையும் சொல்லுங்கள், பகிடிகளைச் சொல்லுங்கள், அழுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லவேண்டாம், போனிலும் எழுதவேண்டாம். இப்போது நொண்டாமல் நடக்கிறாராம். அப்படியே நடக்கட்டும்.

தம்பி, இந்தக் கட்டுரைக்குக் கீழே அரைப் பக்கம் மிஞ்சும். பூவோ விளக்கோ படம் ஒன்றும் போடவேண்டாம். அந்த இடத்தில் நான் எழுதாமல் விட்டது அக்காவுக்குத் தெரியும். வெறுமையாகவே அச்சடியுங்கள்.

தங்கச்சி